வாய்க்கால் தண்ணியின் தாய்வீட்டுக்கு ஒரு நாள் நடை

கீழ்பவானி பாசனத்தில் முப்பது வருசமாக வெள்ளாமை செய்கிறேன். மடையைத் திறந்தால் தண்ணி வரும், அடைத்தால் நிற்கும். பவானிசாகர் அணையில் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் காலையில் செய்தித்தாளில் பார்ப்பேன். டீக்கடையில் உட்கார்ந்து அதையே ஒரு மணி நேரம் பேசுவோம். ஆனால் அணைக்கு மேலே மலையில் என்ன இருக்கிறது, அந்தத் தண்ணி எங்கே இருந்து கசிந்து வருகிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. போன தை மாதம்தான் பார்த்தேன். கோயமுத்தூரில் இருந்து விடியற்காலை கிளம்பி, கோத்தகிரியில் ஒரு வழிகாட்டியோடு பகல் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோயமுத்தூர் திரும்பிவிட்டோம். ஒரு நாள் வேலைதான்.

இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பண்ணைப் பயிற்சிகளுக்கு நிறையப் போகிறார்கள். நல்லதுதான். அங்கே எல்லாரும் "காட்டைப் பாருங்கள், அங்கே யார் உழுகிறார்கள், யார் உரம் போடுகிறார்கள்" என்றுதான் சொல்கிறோம். நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். காட்டுக்குள் ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. எப்படிப் போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது, அவருக்கு என்ன கொடுப்பது, உள்ளே போய் எதைப் பார்ப்பது என்று அனுபவத்தில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் தடவை போனது

இதற்கு முன்னால் ஒரு தடவை மலை நடைக்குப் போய்க் காசை விட்டிருக்கிறேன். நகரத்தில் இருக்கிற ஒரு சுற்றுலா நிறுவனம், ஆளுக்கு 1800 ரூபாய். வேனில் 12 பேர். பாதி நேரம் வேனிலேயே போய்விட்டது. மீதி நேரத்தில் நான்கு 'பாயிண்ட்'. ஒவ்வொன்றிலும் இறங்கி, போட்டோ எடுத்து, ஏறு ஏறு என்றார்கள். நடை என்று சொன்னது மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இருக்காது. வழிகாட்டியாக வந்த பையன் மலைக்காரப் பையன். ஒரு மரத்தைக் காட்டி இது என்ன மரம் தம்பி என்று கேட்டேன். சொல்ல வாயெடுத்தான், அதற்குள் நிறுவனத்து ஆள் "டைம் ஆச்சு" என்று விசில் அடித்துவிட்டார்.

திரும்பும்போது அந்தப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். உனக்கு என்னப்பா கொடுப்பாங்க என்று கேட்டேன். 600 என்றான். 12 பேரிடம் வாங்கியது 21,600. நம்மிடம் கிலோ 8 ரூபாய்க்குத் தக்காளி எடுத்து டவுனில் 30க்கு விற்கிற கணக்குதான் ஞாபகம் வந்தது. காட்டைத் தெரிந்தவன் அவன். அவனுக்குப் பேசவும் நேரமில்லை, கூலியும் இல்லை. எனக்கும் காடு தெரியவில்லை. இடையில் இருந்தவருக்கு மட்டும்தான் அன்றைக்கு நல்ல விளைச்சல்.

அதனால் இந்த முறை நாங்களே நேராக ஏற்பாடு செய்வது என்று முடிவு செய்தோம். நானும் என் வீட்டுக்காரியும், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர், அப்புறம் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அன்னூர்ப் பக்கம் 3 ஏக்கர் வாங்கியிருக்கிற ஒரு தம்பியும் அவன் மனைவியும். மொத்தம் ஐந்து பேர். ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று இப்போது அடித்துச் சொல்வேன். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிற வழிகாட்டி மெதுவாகப் பேசினாலும் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும். பத்துப் பேரானால் பின்னால் வருகிறவர்கள் சொந்தக் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அனுமதி இல்லாமல் அடி எடுத்து வைக்காதீர்கள்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தீப் பிடிக்கிற காலத்தில், பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரைக்கும், பாதைகளை மூடிவிடுவார்கள். 2024இல் அரசே 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்து போகிற மாதிரி ஒரு திட்டம் ஆரம்பித்தது. அந்தந்த மலைக்கிராமத்து, பழங்குடி இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து மலை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, யார் வழிகாட்டி என்பதை அவர்களே சொல்வார்கள்.

யாராவது "பர்மிசன் எல்லாம் எதுக்குங்க, பின்வழியா கூட்டிட்டுப் போறேன்" என்றால் அந்த ஆளோடு போகாதீர்கள். காட்டெருமை முட்டினாலும் கால் ஒடிந்தாலும் உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள். நீங்கள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் 45 வயதுக்காரர், கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடத் தேயிலை வைத்திருக்கிறார். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை கேட்டு நீலகிரிச் சிறு விவசாயிகள் வருசக்கணக்காகப் போராடி வருவது நமக்குத் தெரியும். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். தேயிலையில் கையைக் கடிக்கிற மாதங்களில் இந்த நடைதான் கைச்செலவுக்கு.

போனில் பேசும்போது மூன்று விசயம் கேட்டேன். ஒன்று, எத்தனை மணி நேரம் எங்களோடு இருப்பீர்கள். காலை 8 மணியில் இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் என்றார். இரண்டு, எவ்வளவு தூரம். "தூரம் கேக்காதீங்கண்ணா, உங்களுக்கு என்ன பாக்கணும்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி போவோம்" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. மூன்றாவது, கூலி. 2000 ரூபாய் என்றார். பேரம் பேசவில்லை. நம் காய்கறியை வாங்க வருகிறவர் தராசைப் பார்த்துக்கொண்டே "குறைச்சுக்கோங்க" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? சாயங்காலம் கிளம்பும்போது 2500 கொடுத்தோம். ஆளுக்கு 500 விழுந்தது. வனத்துறைக் கட்டணம், பஸ், ஆட்டோ எல்லாம் தனி. அவருக்கும் சேர்த்து மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். வழிகாட்டி ஒரு பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் தின்ன, நாம் ஒரு பக்கம் சாதம் தின்கிற பழக்கம் வேண்டாம்.

கிளம்புவது

விடியற்காலை 5 மணிக்குக் கோயமுத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பேருந்து நிலையம். அங்கிருந்து மேட்டுப்பாளையம், அங்கே இறங்கி ஒரு டீ, பிறகு கோத்தகிரி பஸ். சொந்தக் காரில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்தில் இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பேருந்துக்கு அது தேவையில்லை. பஸ்ஸில் போவதில் இன்னொரு லாபம், மலை ஏறும்போது ஜன்னல் வழியாக மரம் மாறுவதைப் பார்க்கலாம். அடிவாரத்தில் பாக்கு, வாழை. கொஞ்சம் மேலே முள்ளும் மூங்கிலுமான வறண்ட காடு. அதற்கு மேலே சில்வர் ஓக்கும் தேயிலையும். இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று நான்கு ஊர் வெயிலைத் தாண்டி ஆறாயிரம் அடிக்கு வந்துவிடுகிறோம்.

தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணிப் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். பளிச்சென்ற வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். செருப்புப் போட்டு வந்த எங்கள் அண்ணன் படாத பாடு பட்டார், அதனால் பிடிப்புள்ள ஷூ. மழைக் காலமென்றால் அட்டைக்கு நீள சாக்ஸ். தை மாதத்தில் அட்டைத் தொல்லை இல்லை, ஆனால் காலையில் பல் கிட்டிக்கும் குளிர். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் பலமாகப் பிடிக்கும், ரோட்டில் மண் சரியும்.

சோலைக்குள்

கோத்தகிரி டவுனில் இருந்து 3 கிலோமீட்டரில் லாங்வுட் சோலை. பரப்பு 116 ஹெக்டேர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 287 ஏக்கர். பெரிய காடு என்று சொல்ல முடியாது. சுற்றிலும் தேயிலை, வீடுகள், ரோடு. நடுவில் ஒரு தீவு மாதிரி இது மட்டும் தப்பி நிற்கிறது. சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிதண்ணி இதில் இருந்துதான். இந்த மாதிரி மலைக்காட்டை உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் 'சோலா' என்றே எழுதுகிறார்கள். நம்முடைய 'சோலை'தான் அது.

உள்ளே பத்தடி வைத்ததும் எல்லாரும் தானாகப் பேச்சை நிறுத்திவிட்டோம். வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்த மாதிரி இருட்டும் ஈரமும். மரங்கள் ரொம்ப உயரமில்லை. தலை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கூரை வேய்ந்த மாதிரி இருக்கிறது. காட்டு நாவல், சண்பகம், காட்டுப் பட்டை என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். தண்டெல்லாம் பாசி. அந்தப் பாசியைத் தடவிப் பார்க்கச் சொன்னார், கை நனைந்தது. முந்தின நாள் மழை இல்லை. ராத்திரி வந்த மூடுபனியை இலையும் பாசியும் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. மழைமானியில் ஏறாத தண்ணி இது.

அப்புறம் அவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு அந்த நாளிலேயே பெரிய பாடம். பாட்டிலில் இருந்த தண்ணியைக் கொஞ்சம் நாங்கள் நின்ற ஒற்றையடிப் பாதையில் ஊற்றினார். அது நின்று, யோசித்து, சரிவில் ஓட ஆரம்பித்தது. அதே அளவு தண்ணியை இரண்டடி தள்ளி இலைச் சருகின் மேல் ஊற்றினார். காணவில்லை. ஊற்றின இடம்கூடத் தெரியவில்லை.

"ஒரே மண்ணுதாண்ணா. ஒண்ணு மேல ஆள் நடக்கறாங்க, இன்னொண்ணு மேல யாரும் நடக்கல" என்றார்.

சருகை விலக்கிக் கையை விடச் சொன்னார். மேலே காய்ந்த இலை. அதற்குக் கீழே பாதி மட்கின இலை, வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சை ஓடியிருக்கிறது. அதற்கும் கீழே கறுப்பு மண், பொலபொலவென்று, விரல் கணு வரைக்கும் தள்ளாமலே இறங்குகிறது. மழைத் துளி நேராக மண்ணில் விழுவதில்லை. மேல்தலை, நடுத்தலை, புதர், சருகு என்று நான்கு இடத்தில் அடிபட்டு வேகம் செத்துத்தான் மண்ணுக்கு வருகிறது. வந்த தண்ணிக்கு மண்ணில் வேர் செத்த ஓட்டை, புழு போன ஓட்டை என்று ஆயிரம் வாசல். பூஞ்சை நூல் மண்ணைக் கடுகு கடுகாகக் கட்டிவைத்திருப்பதால் அந்த வாசல் அடைபடுவதில்லை. உள்ளே போன தண்ணி மெதுவாகக் கீழிறங்கி, மாதக்கணக்கில் கழித்து எங்கேயோ பாறை இடுக்கில் ஊற்றாக வருகிறது.

"சோலை தண்ணியை உண்டாக்குது" என்று மேடையில் பேசுவார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். உண்டாக்கவில்லை, பிடித்துவைத்து நிதானமாக விடுகிறது. வங்கியில் போட்ட பணம் மாதிரி. இந்த வித்தியாசம் விவசாயிக்கு முக்கியம். உண்டாக்குகிற வேலை நம்மால் முடியாது, பிடித்துவைக்கிற வேலை முடியும்.

கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை. அரையடி ஆழம்தான், அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தெளிவு. பெரிய மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியும் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சோலைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், தேயிலைச் சரிவுக்கு நடுவில் ஒரு வாய்க்காலைக் காட்டினார். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. இரண்டு கரையிலும் செம்மண் வழித்த தடம் மட்டும் இருந்தது. மழை பெய்கிற அன்றைக்கு இது ரத்தம் மாதிரி ஓடும், மறுநாள் ஒன்றுமில்லை என்றார். ஒரே மலை, ஒரே மழை.

சீகை மரத் தோப்பு ஒன்றும் வழியில் இருந்தது. வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து நட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் அதுவும் பச்சைதான், அதுவும் காடுதான் என்று தோன்றும். உள்ளே நின்று பார்த்தால் பறவைச் சத்தம் குறைவு, கீழே வேறு செடி அதிகம் இல்லை. ஓரத்தில் வெயில் விழுகிற இடமெல்லாம் உண்ணிச்செடி ஏறியிருந்தது. சோலைக்குள் மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த ஓர் இடத்திலும் உண்ணிச்செடி எட்டிப் பார்த்தது. கூரை மூடியிருக்கிற இடத்தில் அதற்கு வேலையில்லை. நம் தோட்டத்துக் களைக் கணக்கும் இதுதானே என்று அந்த அன்னூர்த் தம்பி கேட்டான். அதற்குள் புரிந்துகொண்டானே என்று சந்தோசமாக இருந்தது.

ஒரு பை மண்

அந்தத் தம்பியால்தான் ஒரு சங்கடமும் வந்தது. ஜீவாமிர்தத்துக்கு வரப்பு மண்ணோ காட்டு மண்ணோ ஒரு கைப்பிடி போடச் சொல்கிறோம் இல்லையா? நாட்டு நுண்ணுயிர் பிடிக்கிறவர்களும் காட்டுச் சருகு மண் எடுத்து வரச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தம்பி துணிப்பை கொண்டுவந்திருந்தான். நாங்கள் பாறையில் உட்கார்ந்திருந்தபோது அவன் குனிந்து சருகு மண்ணை அள்ள ஆரம்பித்தான். அரைப் பை அள்ளிவிட்டான்.

வழிகாட்டி சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "கொட்டிடுங்க தம்பி" என்றார். "ஒரு கைப்பிடி தானுங்களே அண்ணா" என்றான் இவன். "நீங்க ஒருத்தர்தான்னா பரவால்ல. போன மாசம் ஒரு குழு வந்தாங்க, ஆளுக்கொரு பை வச்சிருந்தாங்க. உங்களை மாதிரி இயற்கை விவசாயிங்கதான்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. காப்புக்காட்டில் இருந்து இலை, மண், கல், செடி எதை எடுத்தாலும் குற்றம், வழக்கு வரும். பிடிபட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டி. அவர் பிழைப்பே போய்விடும். அதைவிட, அந்த மூன்று விரல்கடைச் சருகு எத்தனை வருசத்து வேலை என்று பத்து நிமிசத்துக்கு முன்னால்தான் கையை விட்டுப் பார்த்திருந்தோம். தம்பி கொட்டிவிட்டான். அள்ளின இடத்திலேயே பரப்பி, மேலே காய்ந்த இலையையும் மூடிவிட்டு வந்தான்.

இன்னொரு விசயமும் உண்டு. ஆறாயிரம் அடிக் குளிரில், நிழலில் வளர்ந்த நுண்ணுயிர் நம் சமவெளி வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? உங்கள் ஊர் வெயிலுக்குப் பழகின மண்ணு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பழைய வேப்பமரத்தடி, உழவு படாத வரப்பு, நாலு தலைமுறை நிற்கிற புளியமரத்து அடி, இங்கெல்லாம் சருகை விலக்கிப் பாருங்கள், அதே வெள்ளை நூல் ஓடியிருக்கும். சொந்த நிலத்தில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

காட்டெருமை

மத்தியானம் நெருங்கும்போது வழிகாட்டி சட்டென்று கையைத் தூக்கினார். நாங்கள் நின்றோம். முப்பதடி தள்ளி, புதருக்குப் பின்னால் ஒரு காட்டெருமை. கறுப்பு மலை மாதிரி உடம்பு, காலில் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நிறம். அது எங்களைப் பார்த்தது. நாங்கள் மூச்சுவிடவில்லை. வழிகாட்டி மெதுவாகப் பின்னாலேயே நகரச் சொல்லி, ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் எங்களை நிறுத்தினார். பத்து நிமிசம். அது தானாகப் புல்லைக் கடித்துக்கொண்டே போன பிறகுதான் நகர்ந்தோம். தனியாக நிற்கிற கிழட்டு ஆணிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், கூட்டமாக இருக்கிறது பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும் என்றார். ஓடக் கூடாது, கல் எறியக் கூடாது, போட்டோவுக்காகக் கிட்டே போகவே கூடாது. இணையத்தில் வழி பார்த்துத் தனியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கை தூக்கி நிறுத்துகிற ஆள் இல்லை. 2000 ரூபாய் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தப் பத்து நிமிசத்தைத்தான் சொல்வேன்.

கோடநாடு

சாப்பாட்டை முடித்துவிட்டு ஜீப்பில் கோடநாடு காட்சி முனைக்குப் போனோம். கோத்தகிரியில் இருந்து முக்கால் மணி நேரம் போல. மலை அங்கே சுவர் மாதிரி அறுந்து விழுகிறது. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. நெளிந்து போகிற ஆற்றங்கரையில் பச்சைச் சதுரங்களாகத் தெங்குமரஹடா. கூட்டுறவுப் பண்ணையாக ஆரம்பித்த ஊர் அது. இத்தனை காட்டுக்கு நடுவில் நெல் விளைகிற இடம். எதிரே ரங்கசாமி முடி. வலது பக்கம் தொலைவில், வெயிலில் பாத்திரம் பளபளக்கிற மாதிரி ஒரு தண்ணிப் பரப்பு.

"அதுதான் உங்க பவானிசாகர்" என்றார்.

எங்கள் அண்ணன் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருக்கு 65 வயது. அந்த அணை 1955இல் கட்டி முடித்தது. அவர் பிறந்ததில் இருந்து அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறார், அதில்தான் மஞ்சளும் நெல்லும் போடுகிறார். கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கோத்தகிரி மலையில் விழுகிற தண்ணி வடக்கே சரிந்தால் மாயாறு, தெற்கே சரிந்தால் பவானி. இரண்டும் அந்தப் பளபளப்பில்தான் போய்ச் சேர்கின்றன. காலையில் கூழாங்கல் தெரிய ஓடின தண்ணியும் அங்கேதான் போகிறது. செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடின வாய்க்காலின் மண்ணும் அங்கேதான் போய்ப் படிகிறது. தேயிலைக்கும் கேரட்டுக்கும் அடிக்கிற மருந்தில் கரைந்தது போக மீதியும் அங்கேதான். நாங்கள் கீழே நஞ்சில்லாமல் விளைவிக்கிறோம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். மேலே இருந்து என்ன கலந்து வருகிறது என்று அதுவரை யோசித்ததில்லை.

வழிகாட்டியிடம் உங்கள் தேயிலைக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எல்லாரும் போடறதைத்தான் போடறேன். களைக்கொல்லியை மட்டும் ரெண்டு வருசமா விட்டுட்டேன். ஆள் கூலி ஜாஸ்தி ஆகுது, இலை விலை ஏற மாட்டேங்குது" என்றார். குறை சொல்ல வாய் வரவில்லை. மாறின முதல் இரண்டு வருசம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கவாத்து செய்த தழையை அப்படியே வரிசைக்கு நடுவில் மூடாக்காகப் போட்டுப் பார்த்தீர்களா என்று பேச்சு ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மறுநாளே ஒரு சொம்பு தண்ணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். மூன்று வருசமாக மட்டையும் ஓலையும் போட்டு மூடின தென்னையடியில் ஊற்றினேன். நூறு எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது. வெறுமையாகக் கிடந்த நிலத்தில் அதைவிட மூன்று மடங்கு நேரம். டிராக்டர் சக்கரம் திரும்புகிற மூலையில் ஊற்றின தண்ணி, நான் போய் டீ குடித்துவிட்டு வரும்போதும் அப்படியே நின்றது. இதற்கு ஒரு செலவும் இல்லை. ஒரே சொம்பு, ஒரே அளவு, அடிப்பாகம் வெட்டின தகர டப்பா ஒன்றை மண்ணில் இரண்டு விரல்கடை அழுத்திவைத்து அதற்குள் ஊற்றினால் தண்ணி பக்கத்தில் ஓடாமல் கணக்கு சரியாக வரும். வருசத்துக்கு இரண்டு தடவை ஒரே இடத்தில் செய்து நோட்டில் எழுதி வையுங்கள்.

டிராக்டர் திரும்புகிற அந்த மூலையில் இப்போது சணப்பு விதைத்திருக்கிறேன். அன்னூர்த் தம்பி தன் நிலத்து ஓரத்தில் இருக்கிற பழைய வேப்பமரத்தடியில் மண் எடுத்து ஜீவாமிர்தம் போட்டதாகப் படம் அனுப்பினான். ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணி விட்டதும் நாற்று நடவு பார்க்க வழிகாட்டியும் அவர் வீட்டுக்காரம்மாவும் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். அணையில் இருந்து எங்கள் மடை வரைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அன்றைக்கு வழிகாட்டி நான்தான், கூலி கேட்பதாக இல்லை.